செலவாகாத ஒரு விரல்

தெருவில் அவரைப் பட்டன்காரர் என்றுதான் சொல்வார்கள். சட்டைக்குப் பட்டன் தைக்கிறவர் என்று நினைத்து, கையில் சட்டையோடு வாசலில் வந்து நின்றவர்களும் உண்டு. அதற்கெல்லாம் அவர் கோபித்துக்கொள்வதில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, மனைவியிடம் ஊசி நூல் வாங்கித் தானே தைத்தும் கொடுத்துவிடுவார். தைத்து முடித்ததும் "எனக்கு ஒரு சின்ன உதவி" என்று ஆரம்பிப்பார். வந்தவர் மாட்டிக்கொள்வது அப்போதுதான்.

அவருக்கு வேலை ஒரு கால்குலேட்டர் கம்பெனியில். கடைக்காரர் மேசையில் கிடக்கிற கூட்டல் கழித்தல் ரகம் இல்லை. பாலம் கட்டுகிறவர்களும் நிலம் அளக்கிற சர்வேயர்களும் வைத்திருக்கும் பெரிய ரகம். திரும்பத் திரும்ப வருகிற கணக்கை ஒரே ஒருமுறை புரோகிராமாக உள்ளே எழுதி வைத்துவிட்டால் போதும், பிறகு எண்ணை மாற்றி மாற்றிப் போட்டு விடை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் எண்ணை மட்டும் போட்டால் ஆயிற்றா? இது எந்த எண் என்று மெஷினுக்குத் தெரிய வேண்டாமா? உயரம், அகலம், வடக்கு மூலை என்று அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். பெயர் என்றால் எழுத்து வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் பலகையில் எண்களும் குறிகளுமே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும்போது ஆங்கில எழுத்து இருபத்தாறையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? அதனால் ஒவ்வொரு பட்டனின் ஓரத்திலும் ஓர் எழுத்தைப் பொடியாக நீல நிறத்தில் அச்சிட்டுவிடுவார்கள். எந்த எழுத்து எந்தப் பட்டனில் இருக்க வேண்டும், எப்படி அமுக்கினால் எண் வராமல் எழுத்து வரும் என்று யோசித்துச் சொல்வதுதான் பட்டன்காரரின் வேலை.

"இதுக்கெல்லாமா ஒரு ஆளை வெச்சுச் சம்பளம் குடுக்கறாங்க?" என்று அவருடைய மைத்துனர் கல்யாணமான புதிதில் கேட்டார். இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

இதற்கு முன்னால் அவர் ஒரு லிஃப்ட் கம்பெனியில் படம் வரைகிறவராக இருந்தார். திறக்கும் பட்டனையும் மூடும் பட்டனையும் எங்கெங்கே வைத்தால், ஓடி வருகிறவர் மூக்கின் மேல் கதவு மூடாது என்று மண்டையை உடைத்துக்கொண்டதில் பிடித்த பைத்தியம் இது. இப்போதும் லிஃப்டில் ஏறினால் தான் இறங்க வேண்டிய மாடியை மறந்துவிட்டு, மற்றவர்களின் விரலைப் பார்த்தபடி மேலும் கீழுமாகப் போய்வருவார். ஒருமுறை ஏடிஎம்மில் பணம் எடுக்கிறவர்களை அப்படிப் பார்த்துக்கொண்டு நின்று, காவலாளியிடம் வசமாகச் சிக்கிக்கொண்டார். "நான் அவங்க விரலைத்தாங்க பாத்தேன், பணத்தைப் பாக்கவே இல்ல" என்று அவர் கொடுத்த விளக்கம் காரியத்தை இன்னும் கெடுத்தது. மனைவி போய்ச் சொல்லித்தான் அழைத்துக்கொண்டு வந்தார்.

இவ்வளவு பைத்தியம் எதற்கு என்று கேட்டால் அவர் ஒரு கண்காட்சியைப் பற்றிச் சொல்வார். கம்பெனி மெஷின்களை மேசையில் பரப்பி வைத்திருந்தார்கள். ஓர் இளம் சர்வேயர் ஒரு மெஷினை ஆசையாக எடுத்து, ஓர் எண்ணுக்குப் பெயர் வைக்கப் பார்த்தாள். பழைய வழியில் முதலில் ‘சேமி’ பட்டன், அப்புறம் ‘எழுத்து’ என்று ஒரு பட்டன், அதற்கப்புறம்தான் எழுத்து. ஒவ்வோர் எழுத்துக்கு முன்னாலும் அந்த ‘எழுத்து’ பட்டனை அமுக்க வேண்டும். அவள் இடையில் ஒருமுறை மறந்தாள். பெயருக்கு நடுவில் ஏழு வந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடி முயன்றாள், மறுபடி மறந்தாள். கடைசியில் மெஷினைக் கீழே வைத்துவிட்டு, "நான் கொஞ்சம் மந்தம் சார்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அந்தச் சிரிப்பு அவருக்கு முள்ளாகக் குத்தியது. தப்பு அவர் வைத்த பட்டனில் இருக்க, பழியை அந்தப் பெண் தன் தலையில் போட்டுக்கொண்டு போகிறாள். யாரும் தன்னைத் தானே மந்தம் என்று சொல்லிக்கொள்ளாத ஒரு மெஷினையாவது செய்துவிட வேண்டும் என்று அன்றைக்கு ஒரு வைராக்கியம் வந்தது.

அதற்கான வழி கிடைத்தது சொந்த வீட்டு வாசலில். ஒரு மாலை, மழையில் நனைந்துகொண்டே மணியை அழுத்தினார். உள்ளேயிருந்து மனைவி "யாரு?" என்றார். "நான்தான்" என்றார் இவர். கதவு திறந்தது. உள்ளே வரவேண்டியதுதானே? வரவில்லை. சொட்டச் சொட்ட வாசலிலேயே நின்றார்.

"என்னங்க, சாவி ஏதாவது தொலைஞ்சு போச்சா?"

"இல்ல. நீ யாருன்னு கேட்டதும் நான் நேரா பதில் சொன்னேன், பாத்தியா? ‘இப்ப நான் பேர் சொல்லப் போறேன், கேட்டுக்கோ’ன்னு முன்னாடி ஒரு அறிவிப்பு குடுத்தேனா?"

"குடுத்திருந்தா கதவைத் திறந்திருக்க மாட்டேன். தலையைத் துவட்டுங்க முதல்ல."

அவர் மெஷினில் எழுத்து தேவைப்படுவதே மூன்று பட்டன்களுக்குப் பின்னால்தான்: ‘சேமி’, சேமித்ததைத் திரும்ப வாங்கும் ‘எடு’, புரோகிராமில் பெயர் வைத்த இடத்துக்குத் தாவும் ‘போ’. இந்த மூன்றில் எதை அமுக்கினாலும் அடுத்து வருவது பெயர்தான், வேறு எதுவும் வர முடியாது. பிறகு எதற்கு ‘எழுத்து’ என்று தனியாக ஒரு பட்டன்? ‘சேமி’ அமுக்கியதும் மெஷின் தானாகவே எழுத்துக்கு மாறிக்கொள்ளட்டுமே! அந்தப் பட்டனைத் தூக்கிவிட்டால் மிச்சமாகும் இடத்தில், எல்லோரும் கட்டைவிரலுக்கு எட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த ‘அழி’ பட்டனைப் பெரிதாக வைக்கலாம். கம்பெனியில் புரோகிராம் எழுதுகிற பெண் இதைக் கேட்டுத் துள்ளிக் குதித்தாள். சோதனைக்கான மாதிரி மெஷின் ஒன்றில் அதைச் செய்தும் கொடுத்தாள்.

விற்பனைப் பிரிவின் தலைவருக்கு மட்டும் பிடிக்கவில்லை. "பழகின பட்டனைக் காணோம்னா வாங்கறவன் நம்மைத்தான் திட்டுவான்" என்றார். மேலாளர் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். அவர் நல்லவர்தான். ஆனால் எதையும் ஆற அமரக் கேட்கிற வழக்கம் கிடையாது.

"சார், இது எப்படி வேலை செய்யுதுன்னா…" என்று பட்டன்காரர் ஆரம்பித்தார்.

"எப்படின்னெல்லாம் எனக்கு வேண்டாம். வருதா, வரலையா, அதை மட்டும் சொல்லுங்க. இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஒரு ஆள், யாரும் சொல்லிக் குடுக்காம, அந்தப் பட்டன் இல்லாம ஒரு பேரைப் போட்டுக் காட்டட்டும். போட்டுட்டா உங்க வழி. இல்லன்னா பழைய வழி. திங்கக்கிழமை மதியம் பட்டன் பலகையோட படம் அச்சு வெட்டப் போகுது. அதுக்கப்புறம் யாராலயும் எதையும் மாத்த முடியாது."

"நான் பாக்க வேண்டாமா சார்? இவரே ஒரு ஆளைப் பிடிச்சுட்டு வந்தா?" என்றார் விற்பனைத் தலைவர்.

"இவர் பொய் சொல்ல மாட்டார். அதுதானே இவர்கிட்ட இருக்கிற தொல்லை" என்று மேலாளர் எழுந்து போய்விட்டார்.

ஒன்றுமே தெரியாத ஆள்தானே, ஊரில் அதற்கா பஞ்சம் என்று தோன்றும். பட்டன்காரருக்குப் பஞ்சம்தான். அவர் தொழிலில் புது விரல் என்பது தீக்குச்சி மாதிரி, ஒருமுறைக்குத்தான் உதவும். ஒரு தடவை பட்டனைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டால் அந்த விரலுக்கு இடம் தெரிந்துபோகும், பிறகு அதை வைத்து எதையும் சோதிக்க முடியாது. "அவர் விரல் செலவாயிடுச்சு" என்பார். எழுத்துக்களை எந்த வரிசையில் வைப்பது என்று பார்ப்பதற்காக, அட்டையில் பட்டன் படம் ஒட்டி அவர் எடுத்துக்கொண்டு அலைந்த காலத்தில் ஆபீஸ் விரல்கள் அத்தனையும் செலவாகிவிட்டன. அப்புறம் தெரு. முடிவெட்டுகிறவர், பல் டாக்டர், சட்டையோடு வந்தவர்கள், மைத்துனர் குடும்பம் மொத்தமும், ஒருவர் பாக்கியில்லை. அட்டையில் தப்பித்த சிலரிடம் ‘யாரு’ கதையை அவரே வாய்கொள்ளாமல் சொல்லி வைத்திருந்தார். எதிர்வீட்டுக்காரர் அவரைக் கண்டால் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடக்கப் பழகியிருந்தார். இத்தனை நாள் ஆசை ஆசையாகச் சோதித்துச் சோதித்து, வேண்டிய நேரத்தில் தெரியாத விரல் ஒன்றுகூட இல்லாமல் ஆக்கிக்கொண்ட கெட்டிக்காரத்தனத்தை என்னவென்று சொல்வது!

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒரு புது ஆள் வருவதாக இருந்தது. அதில்தான் இன்னொரு சங்கடம்.

அவருடைய மகள் தான் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிற பையனை முன்பே ஒருநாள் அழைத்துவந்திருந்தாள். பையன் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே விரலைப் பறிகொடுத்தான். பாவம், மரியாதைக்காக அரை நாள் அட்டையை அமுக்கிக்கொண்டிருந்தான். இப்போது வருவது பையனின் அம்மா. முதல் தடவையாக வருகிறார். நீச்சல் கற்றுக்கொடுக்கிறவர். கண்டிப்பானவர் என்று கேள்வி.

சனிக்கிழமையே மகள் அப்பா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நாளைக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள். அந்த மெஷினை வெளிய எடுக்கக் கூடாது. பட்டன்னு ஒரு வார்த்தை வாயில வரக் கூடாது."

"நான் எதுக்கும்மா எடுக்கப் போறேன்?"

"போன தடவை அவர் வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் கட்டைவிரலை உதறிட்டு இருந்தாரு. அத்தை வேற மாதிரி. ஏதாவது தப்பா அமுக்கி, எல்லார் முன்னாடியும் அசிங்கமாப் போச்சுன்னு நெனைச்சுட்டா? எனக்குப் பயமா இருக்குப்பா."

அவர் மகள் முகத்தைப் பார்த்தார். சின்ன வயதில் பரீட்சைக்குப் போகும்போது வைத்திருந்த அதே முகம். அவள் தலையில் கைவைத்து, "எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு அறைக்குள் போய் மாதிரி மெஷினை அலமாரியில் போர்வைக்கு அடியில் வைத்தார். அச்சு வெட்டுவதற்குள் இந்த ஊரில் அவருக்குக் கிடைக்கக்கூடிய கடைசிப் புது விரல் நாளைக்குத் தன் வீட்டு நாற்காலியில் வந்து உட்காரப்போகிறது, தான் அதைத் தொடக் கூடாது. ஆனாலும் வாக்கு வாக்குதான் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு படுத்தார்.

நீச்சல்காரர் உயரமாக இருந்தார். குளத்தின் அந்தக் கரைக்குக் கேட்கிற குரல். வீட்டுக்குள் அந்தக் குரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ரொம்பவும் அடக்கிப் பேசினார். தேநீர் வந்தது. வெயில் அதிகம் என்று பேசினார்கள். பஸ்ஸில் கூட்டம் என்று பேசினார்கள். திரும்பவும் வெயிலுக்கே வந்தார்கள். பையன் பிஸ்கட்டை ஆராய்ச்சி செய்தான்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க சார்?" என்று நீச்சல்காரர் கேட்டார்.

பட்டன்காரர் வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பிறகு, "ஆபீஸ் வேலைதாங்க" என்றார்.

"என்ன மாதிரி ஆபீஸ்?"

"சும்மா… சாதாரண ஆபீஸ்."

சொல்லிவிட்டு, ஏதோ திருட்டுப் பொருளை மறைத்தவர் மாதிரி குனிந்து தேநீரைக் குடித்தார். ஏற்கெனவே காலியான கோப்பை. மகளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தெருவே பெயர் வைத்துக் கூப்பிடுகிற அளவுக்குத் தன் வேலையைக் கொண்டாடுகிற மனுஷன், தனக்காக இப்படிக் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறார்.

"அப்பா, போய் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

"எதைம்மா?"

"உங்களுக்குத் தெரியாதா? போர்வைக்கு அடியில இருக்கிறதைத்தான்."

அவர் போன வேகத்தைப் பார்த்து நீச்சல்காரர் வீட்டில் ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். திரும்பி வந்த பட்டன்காரர் வேறு ஆளாக இருந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. மெஷினை இரண்டு கையாலும் நீட்டினார்.

"ஏதாவது ஒரு எண்ணைப் போடுங்க. அதுக்கு ஒரு பேர் வெச்சுச் சேமிங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன். யாரும் எதுவும் சொல்லக் கூடாது."

நீச்சல்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஓர் எண்ணைப் போட்டார். தேடி ‘சேமி’யைக் கண்டுபிடித்து அமுக்கினார். விரல் பலகையின் மேல் வட்டமிட்டது. ஒரு பட்டனுக்கு நேரே வந்து நின்றது, விலகியது. மறுபடி வந்தது, மறுபடி விலகியது. அமுக்கவே இல்லை.

"எனக்கு வேண்டிய எழுத்து இதோ ஓரத்துல இருக்கு. ஆனா மேல பெருசா ஏழுன்னு போட்டிருக்கே. அமுக்கினா ஏழுதானே வரும்?" என்றார். கொஞ்சம் பொறுத்து மெஷினை மடியில் வைத்துவிட்டார். "எத்தனை பேரைத் தண்ணிக்குள்ள தள்ளிவிட்டிருக்கேன்! இதை அமுக்க எனக்குப் பயமா இருக்கு பாருங்க. நான் கொஞ்சம் மந்தம்."

"நீங்க இல்லைங்க! மெஷின்தான் மந்தம்!" பட்டன்காரர் போட்ட சத்தத்தில் பையன் கையிலிருந்து பிஸ்கட் விழுந்தது.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். எது நடக்கக் கூடாது என்று கெஞ்சினாளோ அது நடந்துவிட்டது. மறைத்துப் பயனில்லை என்று, நாளைக்கு அச்சு வெட்டப்போவது, மேலாளர் வைத்த நிபந்தனை எல்லாவற்றையும் அவளே அத்தையிடம் சொன்னாள்.

"அவ்வளவுதானே?" என்றார் நீச்சல்காரர். "நான் சரியாப் போட்டுட்டேன்னு சொல்லிடுங்க சார். உங்க மேலாளர் என்கிட்ட வந்து கேக்கவா போறார்?"

"சொல்ல முடியாதுங்க."

"ஏன்?"

"நீங்க போடலையே."

மனைவி தலையில் கைவைத்துக்கொண்டார். வீட்டுக்கு முதல் தடவையாக வந்த மனுஷியிடம், அதுவும் உதவி செய்ய வந்தவரிடம், இப்படியா முகத்தில் அடித்தாற்போல் பேசுவது? நீச்சல்காரர் அவரையே உற்றுப் பார்த்தார். அப்புறம் இத்தனை நேரம் அடக்கிவைத்திருந்த குரலை ஒரேயடியாக அவிழ்த்துவிட்டுச் சிரித்தார். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"நான் என்ன பண்ணட்டும்? அமுக்கினேன். அதுக்கப்புறம் அது சும்மா இருந்தது. நான் அதைப் பாக்கறேன், அது என்னைப் பாக்குது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டாத்தானே!"

கோப்பைகளை எடுக்கக் குனிந்த மனைவி அப்படியே நிமிர்ந்தார்.

"ஏங்க, அன்னிக்கு வாசல்ல நான் ‘யாரு’ன்னு கேட்டேன். அதுக்கப்புறம்தானே நீங்க ‘நான்தான்’னு சொன்னீங்க? உங்க பதிலை மட்டும் பத்திரமா ஆபீசுக்குக் கொண்டுபோயிட்டு, என் கேள்வியை வீட்டிலயே விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

பட்டன்காரர் நின்ற இடத்தில் நின்றார். ஊரெல்லாம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். மனைவியை நடித்துக் காட்டி, குரலை மாற்றி, ‘யாரு’ என்று ராகம் போட்டுச் சொல்லியிருக்கிறார். ஆனால் மெஷினில் அந்த ‘யாரு’ இல்லை. அது உள்ளுக்குள் எழுத்துக்கு மாறிக்கொண்டு வெளியில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது. கதை தெரிந்த ஆபீஸ் விரல்களுக்கெல்லாம் அது கேட்டாலும் ஒன்றுதான், கேட்காவிட்டாலும் ஒன்றுதான். அதனால் யாருக்குமே குறை தெரியவில்லை. திரையில் ஒரு சொல் வந்தால் போதும்: பெயர்? அவ்வளவுதான். பட்டன் எதையும் நகர்த்த வேண்டியதில்லை, அச்சில் ஒரு கோடு மாற வேண்டியதில்லை.

அதற்கப்புறம் அவர் அங்கே இருந்தும் இல்லாதவராகிவிட்டார். பெண்கள் மூவரும் பழைய சிநேகிதிகள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். நீச்சல்காரர் தன் விரல் செலவாகிவிட்டதா என்று கேட்டு வருத்தப்படுவது போல நடித்தார். இவர் ஒரு மூலையில், கேள்வியைத் திரையின் இடது ஓரத்தில் வைப்பதா நடுவில் வைப்பதா என்று கற்பனை செய்துகொண்டு நின்றார். கிளம்பும்போது நீச்சல்காரர் வாசற்படியில் திரும்பி, வாய் நிறையச் சொன்னார்: "அப்ப நான் வரேன், சம்பந்தி."

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பையன் காது வரை சிவந்தான். பட்டன்காரர், "சரிங்க, இடது ஓரம்தான் சரி" என்றார்.

மறுநாள் அவர் கிளம்பும்போது மனைவி கேட்டார்: "நேத்து அவங்க போகும்போது உங்களை என்னன்னு கூப்பிட்டாங்க, கவனிச்சீங்களா?"

"என்னன்னு?"

"காதுன்னு ஒண்ணு இருந்திருந்தா கேட்டிருக்கும். போயிட்டு வாங்க."

ஆபீஸ் திறந்ததும் அவர் புரோகிராம் எழுதும் பெண்ணிடம் ஓடினார். அவள் கேட்டுவிட்டுத் தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டாள். "நமக்கு எப்படிண்ணா இது தோணாமப் போச்சு?" என்றபடியே வேலையை ஆரம்பித்தாள். கேன்டீன் தேநீர் ஆறுவதற்குள் மாதிரி மெஷின் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டது. இருவருமாக மேலாளர் அறைக்குப் போனார்கள். விற்பனைத் தலைவர் முன்பே அங்கே இருந்தார்.

"வந்துச்சா, வரலையா?" என்றார் மேலாளர்.

"வரல சார்" என்றார் பட்டன்காரர்.

விற்பனைத் தலைவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். மேலாளர் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார்.

"ஆனா சார், ஒரே ஒண்ணை மாத்தியிருக்கோம். இப்ப இதுல என்னன்னா…"

அந்தப் பெண் அவர் சட்டைக் கையைப் பிடித்துச் சுண்டி இழுத்தாள். "அண்ணா! ஒரு வார்த்தை சொல்லாதீங்க!" பிறகு மேலாளரிடம் திரும்பினாள். "சார், நீங்க இந்த மெஷினை எப்பவாவது தொட்டுப் பாத்திருக்கீங்களா?"

மேலாளர் யோசித்தார். வருஷக்கணக்காக இந்தக் கம்பெனியின் எல்லா மெஷின்களும் அவர் மேசைக்கு வந்துதான் போகின்றன. கொண்டுவருவார்கள், தலையசைப்பார், கையெழுத்துப் போடுவார். எப்படி வேலை செய்கிறது என்று யாராவது ஆரம்பித்தால் வேண்டாம் என்று விடுவார். ‘யாரு’ கதை தெருநாய்க்குக்கூடத் தெரியும், அவருக்குத் தெரியாது.

"தொட்டதில்ல" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

ஊரெல்லாம் தேடிய புது விரல் இந்தக் கட்டடத்திலேயே, இருப்பதிலேயே பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பட்டன்காரர் மெஷினை நீட்டி, எல்லோரிடமும் சொல்வதையே சொன்னார். ஓர் எண், அதற்கு ஒரு பெயர். மேலாளரின் விரல் செல்லாது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல விற்பனைத் தலைவருக்கும் வாய் வரவில்லை.

மேலாளர் எண்ணைப் போட்டார். ‘சேமி’யை அமுக்கினார். திரையின் இடது ஓரத்தில் கேள்வி வந்தது: பெயர்?

"பேர் கேக்குதே" என்றார் மேலாளர். அவர் விரல் போய் ஒரு பட்டனுக்கு மேலே நின்றது. அதில் பெரிதாக ஏழு, ஓரத்தில் நீலத்தில் எழுத்து. பட்டன்காரருக்கு நேற்றைய விரல் கண்முன் வந்தது. போச்சு, இதோ விலகப்போகிறது என்று நினைத்தார்.

விரல் அமுக்கியது. எழுத்து வந்தது.

"சார், மேல ஏழுன்னு போட்டிருக்கு. ஏழு வரும்னு உங்களுக்குத் தோணலையா?" விற்பனைத் தலைவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

மேலாளர் எரிச்சலோடு நிமிர்ந்தார். "பேரைக் கேட்டா ஏழா வரும்? எழுத்துதானே வரும்! இது கூடவா தெரியாது?" என்று சொல்லிவிட்டு, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு அடுத்த எழுத்தைத் தேடினார். பெயரை முடித்து, ‘எடு’ போட்டுத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். எண் வந்து நின்றது. "அட!" என்றார். யாருடைய பெயரைப் போட்டார் என்று கடைசிவரை காட்டவில்லை, திரையைக் கையால் மறைத்துக்கொண்டார். படத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், மெஷினைத்தான் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார். கேட்டபோது, "சாயங்காலம் தரேன்" என்றார்.

படம் அச்சு வெட்டப் போயிற்று. ‘எழுத்து’ பட்டன் இருந்த இடத்தில் பெரிய ‘அழி’ உட்கார்ந்திருந்தது. பட்டன்காரர் அன்றைக்குச் சீக்கிரமே கிளம்பிப் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். அந்தக் கண்காட்சிப் பெண் நினைவுக்கு வந்தாள். எங்கே இருக்கிறாளோ, இனிமேல் அவள் கையில் இது போனால் தன்னைத் திட்டிக்கொள்ள மாட்டாள். மனசு லேசாக இருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டோமே என்று பதறி எழுந்தபோதுதான், மனம் காலியான அந்த நேரத்தில், நேற்று வாசற்படியில் வாய் நிறையச் சொன்ன அந்தக் குரல் காதில் விழுந்தது. ஒரு நாள் தாமதமாக, ஆனால் முழுசாக விழுந்தது. அவர் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது. பக்கத்திலிருந்தவர் இடம் வேண்டுமா என்று கேட்டார்.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து மணியை அழுத்தினார். உள்ளே மனைவியும் மகளும் பேசுகிற சத்தம் கேட்டது. பேச்சு நின்றது. காலடி ஓசை கதவருகே வந்தது.

"யாரு?" என்றார் மனைவி.

பட்டன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"சம்பந்தி வந்திருக்கேன்" என்றார்.